கூடில்லாப் பறவையும் கிராமத்து வைத்தியரும்

குயில் கூடு கட்டுவதில்லை என்பது நம் நாட்டிலே சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. காக்கை அடைகாத்துக் குயிற் குஞ்சைப் பொரிக்கிறது. இரை தேடி ஊட்டி வளர்க்கிறது. வளர்ந்த குஞ்சு ஒருநாள் பறந்து போய்விடுகிறது. பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள்படும் பரபிருதம் என்னும் சொல் வடமொழியிலே குயிலுக்குப் பெயராயிற்று. எல்லோரும் அறிந்த இச்செய்தியை வைத்துக்கொண்டு நான் என் ஆசிரியத் தொழிலின் தொடக்கத்திலே பெரியதொரு பிழை செய்தேன். அப்பிழையைச் சொல்லாமல் எட்வேட் ஜெனர் என்னும் பெரியாரைப்பற்றி என்னால் எழுத இயலாது.

அன்று ஏழாம் வகுப்பிலே பறவைகளைப்பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவு ஆங்கில நூலொன்றிற் படித்தது மனத்திலே புதிதாய் இருந்தது. குயிற் குஞ்சு முட்டையினின்றும் வெளிப்பட்ட ஓரிரு நாளுக்குள்ளேயே வளர்ப்புத் தாயின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகிலே சுமந்து கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும் என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். தங்கள் வளவிலே நிற்கும் மாமரத்திற் காக்கைக் கூடு ஒன்று இருப்பதாகவும், அதற்குள்ளே இரண்டு காக்கைக் குஞ்சுகளும் ஒரு குயிற் குஞ்சும் ஒன்றாய் வாழ்வதாகவும், தான் நாள்தோறும் மரத்தில் ஏறி அவற்றைப் பார்த்து வருவதாகவும் சொன்னான். நான் நூலை எடுத்துக் காட்டினேன். கற்றோர் எழுதியது பொய்யாகுமா என்று கேட்டு அவனை இருக்கச் செய்தேன். வகுப்புச் சிரித்தது. அதன் பின்னர் அவன் என் பாடத்திலே வாய்திறந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஆண்டு முடிவிலே அவன் பாடசாலையை விட்டும் போய்விட்டான்.

நூலிலே பிழை இருக்கவில்லை; அதனைப் படித்த என்னிடமே இருந்தது. நூல் சொன்னது ஐரோப்பாவிலே வாழும் குக்கூ என்னும் குயிலினத்தைப்பற்றி. மாணவன் கண்டது நம் சோலைகளிலே கூவும் கருங்குயிலின் குஞ்சை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகளே; இரண்டும் பிற பறவையின் கூட்டிலே முட்டையிடுவனவே. ஆயினும் கருங்குயிலின் குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு கூடவிருந்து, அவற்றுக்கு வரும் இரையிலே பெரும் பங்கை வாங்கி வளர்கிறது. காக்கைக் குஞ்சுகள் சில மெலிந்து இறப்பதுண்டு. சில பிழைத்துப் பறப்பதும் உண்டு. பையன் மரத்தில் ஏறிக் கண்டது முற்றிலும் மெய்.

இதனை நான் உணர்ந்தது எட்டு ஆண்டுகள் கழித்து, ஜெனரின் வரலாற்றைப் படித்தபோதேயாம். ஜெனர் என்றவுடன் அம்மைப்பால் நம் நினைவுக்கு வரும். பெரியம்மையை உலகினின்றும் ஓட்டுதற்கு வழிகண்டவர் அவரே. ஆனால் அவர் முதன்முதலிற் புகழ்பெற்றது வைத்தியத்தினால் அன்று, குக்கூக் குஞ்சைப்பற்றி எழுதிய ஒரு கட்டுரையினால் என்பதை அறிந்தோர் சிலரே. என் பழைய நூலிலே நான் படித்த செய்தியை உலகுக்கு முதலிற் கண்டு சொன்னவரும் அவரே.

எட்வேட் ஜெனர் 1749ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலுள்ள பேர்க்லி என்னும் ஊரிலே பிறந்தார். செவேண் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அவ்வூர் பசும்புல்லும் பாற்பண்ணைகளும் நிறைந்தது. தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்துக் குரு. பிள்ளைக்கு ஐந்து வயதாயிருந்தபோது, 1754ஆம் ஆண்டிலே, தாயும் தந்தையும் சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். மூத்த தமையனார் தம்பியை எடுத்து வளர்த்தார். பெற்றோர் இன்றிப் பிறர் கையில் வளர்ந்த பிள்ளை பின்னாளிலே பிறர் கூட்டில் வளரும் பறவையை ஆராய்ந்தது தற்செயலே. எனினும் படிப்பவர் மனம் அங்கே சற்று நின்றுதான் போகும்.

எட்டு வயதளவிலே அவருக்குப் பழைய முறைப்படி அம்மை குத்தினார்கள். பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை நலமுள்ளவரின் தோலைக் கீறிப் புகுத்துவது அம்முறை. இலேசாக நோய் கண்டு மாறினால் மீண்டும் அந்நோய் அணுகாது. ஆனால் நோய் கடுமையாகி இறந்தோரும் உண்டு. குத்துவதற்கு முன் பல நாட்கள் பிள்ளையைப் பட்டினி போட்டு இரத்தம் வாங்கினார்கள். குத்திய பின், வேறு பிள்ளைகளோடு ஒரு குதிரை இலாயத்திலே அடைத்து வைத்தார்கள். அந்த நாட்களின் அச்சத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

14 வயதளவில் அயலூரிலிருந்த சத்திரவைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1770ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்று ஜோன் ஹன்ரரின் மாணவரானார். அக்காலத்துச் சத்திரவைத்தியருள்ளே தலைசிறந்தவர் ஹன்ரர். மனித உடலை மட்டுமன்றி, விலங்கு, பறவை, மீன், புழு ஆகிய யாவற்றையும் அறுத்து ஆராய்ந்தவர். ஒன்றைப்பற்றி இருந்தபடியே எண்ணிக்கொண்டிராமல் செய்து பார்த்து முடிவுகாண வேண்டும் என்பது அவர் தம் மாணவர்க்கு ஓயாது புகட்டிய பாடம். ஜெனர் அப்பாடத்தை நன்கு கற்றார். கப்டன் குக்கின் முதற் கடற்பயணத்திலே சேர்ந்து சென்ற ஜோசப் பாங்ஸ் கொண்டுவந்த உயிரினச் சேகரங்களை ஒழுங்குசெய்யும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. குக்கின் இரண்டாம் பயணத்திலே சேரும் வாய்ப்பு வந்தபோது அதனை ஏற்காது, 1772ஆம் ஆண்டிலே தம் ஊருக்கே திரும்பினார். உலகைச் சுற்றும் கப்பலை விட்டுக் கிராமத்து ஒழுங்கைகளிலே குதிரையேறி நோயாளர் வீடுகளுக்குப் போகும் வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டார்.

ஹன்ரரோ மாணவரை விடவில்லை. இலண்டனிலிருந்து கடிதம் கடிதமாய் எழுதினார். முள்ளெலி வேண்டும், மீன் வேண்டும், குக்கூவின் முட்டை வேண்டும், குஞ்சு வேண்டும் என்று கேட்டார். மாரிகாலத்திலே உறங்கும் முள்ளெலியின் உடல் வெப்பத்தை அளந்து எழுதுமாறும் பணித்தார். ஜெனர் சலியாமற் செய்து அனுப்பினார். ஆசிரியரின் கடிதங்களையும் பேணி வைத்தார். இக்கடிதப் போக்குவரவிலிருந்தே குக்கூவைப்பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது.

அக்காலத்தில் குக்கூவைப்பற்றி அறியப்பட்டிருந்தது எவ்வளவு என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். இப்பறவை சித்திரை நடுப்பகுதியளவில் இங்கிலாந்துக்கு வந்து, வளர்ந்தவை ஆடி தொடங்குமுன்னரோ தொடங்கியவுடனோ தென்திசை நோக்கிப் போய்விடும். தானாகக் கூடு கட்டாது. வேலிச் செடிகளுக்குள்ளே வாழும் வேலிக்குருவி, வாலாட்டிக் குருவி, புல்வெளிக் குருவி முதலிய சிறு பறவைகளின் கூடுகளிலே கூட்டுக்கு ஒன்றாக முட்டையிடும். சில நாட்களின் பின் பார்த்தால் கூட்டிலே குக்கூக் குஞ்சு ஒன்றுதான் இருக்கும். வீட்டுக்குரிய குஞ்சுகள் இரா. அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு இதனை மக்கள் கண்டே வந்தனர். அவை எங்ஙனம் மறைந்தன என்பதிலேதான் கருத்து வேறுபாடு. தாய்க் குக்கூ திரும்பி வந்து அவற்றை அகற்றுகிறது என்றனர் சிலர். வளர்ப்புத் தாயே வந்தேறியின்மேற் கொண்ட மயக்கத்தினால் தன் பிள்ளைகளை வெளியேற்றுகிறது என்றனர் வேறு சிலர். பெரிய குஞ்சின் கீழே நசுங்கி இறக்கின்றன என்றோரும் உளர். குக்கூ அடைகாவாமைக்கு அதன் இரைப்பை அமைந்த இடமே காரணம் என்று பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் ஒருவர் எழுதினார். கில்பேட் வைற் என்னும் மதகுரு, நன்றாய் அடைகாக்கும் வேறொரு பறவையை அறுத்துப் பார்த்து, அதன் இரைப்பையும் அவ்வாறே அமைந்திருப்பதைக் கண்டு அக்காரணத்தை ஒதுக்கினார்.

ஜெனர் பல ஆண்டுகள் கூடுகளைத் தேடித் திரிந்தார். நோய் பார்க்கும் வேலை மிகுந்தமையால் எல்லாக் கூடுகளையும் தாமே காத்திருந்து பார்க்க இயலவில்லை. தமையன் மகன் ஹென்றி துணைசெய்தான். கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். வளர்ப்புப் பறவையே தன் குஞ்சுகளை வெளியேற்றுகிறது என்பது அதிலே அவர் சொன்ன முடிவு. 1787ஆம் ஆண்டின் முற்பகுதியிலே அக்கட்டுரை இலண்டன் றோயல் சங்கத்தின் முன் சென்றது. அறிஞர் உலகிலே ஒரு கிராமத்து வைத்தியருக்கு அதனிலும் பெரிய வாயில் வேறில்லை. கட்டுரை அச்சேறினாற் போதும், பெயர் நிலைத்துவிடும்.

அந்த நிலையிலேதான் 1787ஆம் ஆண்டு யூன் மாதம் வந்தது. 18ஆந் திகதி அவர் ஒரு வேலிக்குருவியின் கூட்டைப் பார்த்தார். மூன்று வேலிக்குருவி முட்டைகளும் ஒரு குக்கூ முட்டையும் அதிலே இருந்தன. மறுநாள் போனபோது முட்டைகள் பொரித்திருந்தன. ஆனால் ஒரு குக்கூக் குஞ்சும் ஒரேயொரு வேலிக்குருவிக் குஞ்சுமே எஞ்சியிருந்தன. நல்வாய்ப்பாகக் கூடு வேலியின் ஓரத்திலே அமைந்திருந்தது. உள்ளே நடப்பது யாவும் தெளிவாய்த் தெரிந்தது. அவர் நின்று பார்த்தார்.

கண் திறவாத, இறகு முளையாத அந்தக் குக்கூக் குஞ்சு, தன் பின்புறத்தாலும் சிறகுகளாலும் மெல்ல மெல்ல அசைந்து வேலிக்குருவிக் குஞ்சின் கீழே புகுந்தது. அதனைத் தன் முதுகிலே ஏற்றியது. சிறகுகளை உயர்த்தி அது நழுவாதபடி தாங்கிக்கொண்டு, பின்னோக்கியே கூட்டின் சுவரில் ஏறியது. விளிம்பை அடைந்ததும் சற்று இளைப்பாறி, ஓர் உதறு உதறிச் சுமையை வெளியே வீழ்த்தியது. பின்னரும் உடனே இறங்கவில்லை. சிறகு நுனிகளால் அங்குமிங்கும் தடவி, காரியம் முடிந்ததோ என்று சோதித்ததுபோலச் சிறிது நேரம் இருந்து, அதன் பின்னரே கூட்டினுள் வீழ்ந்தது.

ஜெனர் கண்டதோடு அமையவில்லை. ஹன்ரரின் மாணவர் அல்லரோ! ஒரு முட்டையை எடுத்துக் கூட்டினுள் வைத்தார். அதுவும் அவ்வாறே சுமக்கப்பட்டு வெளியே வீழ்ந்தது. வேறு கூடுகளிலும் பலமுறை செய்து பார்த்தார். எங்கும் அதுவே நிகழ்ந்தது. குஞ்சின் உடலை ஆராய்ந்தார். பிற பறவைக் குஞ்சுகளுக்கு இல்லாத அகன்ற முதுகும், அதன் நடுவே ஒரு பள்ளமும் அதற்கு இருந்தன. முட்டையோ குஞ்சோ உருளாமல் இருத்தற்கு அப்பள்ளம் ஏற்ற இடமாயிற்று. ஏறத்தாழ 12 நாட்களில் அப்பள்ளம் நிரம்பி, முதுகு ஏனைக் குஞ்சுகளின் முதுகு போலாகிவிடுகிறது. வெளியே தள்ளும் இயல்பும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அதே மாதம் இன்னொரு கூட்டிலே அதனிலும் வியப்பான காட்சி கிடைத்தது. அங்கே இரண்டு குக்கூக் குஞ்சுகளும் ஒரு வேலிக்குருவிக் குஞ்சும் ஒரே நாளிற் பொரித்தன. பொரியாத முட்டை ஒன்றும் கிடந்தது. சில மணி நேரத்துக்குள் குக்கூக் குஞ்சுகள் இரண்டுக்கும் கூட்டுக்கான போர் தொடங்கியது. ஒன்று மற்றதை விளிம்புவரை தூக்கும். பாரம் தாங்காது மீண்டும் வீழும். மறுநாட் பிற்பகல் வரையும் வெற்றி தோல்வி தெரியவில்லை. ஈற்றிலே சற்றுப் பருத்த குஞ்சு மற்றதை வெளியேற்றியது. வேலிக்குருவிக் குஞ்சையும் முட்டையையுங்கூட அதுவே தள்ளியது. இந்தச் செயலிலே பகை என்பது ஒன்றில்லை, உறவு என்பதும் ஒன்றில்லை, உடலோடு பிறந்த ஏவல் ஒன்றே உண்டு என்பதை இதனிலும் தெளிவாய்க் காட்டும் சான்று வேண்டுமோ!

இப்பொழுது ஜெனரின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. கட்டுரை ஏற்கெனவே சங்கத்திடம் இருக்கிறது. அதிலே சொன்னது பலரும் நம்பிய கருத்து. வேலியோரத்திலே அவர் கண்டதோ எவரும் எளிதில் நம்பமுடியாத காட்சி. பிறந்து ஒரு நாளான குருட்டுக் குஞ்சு கொலை செய்கிறது என்றால் நகைப்பார்களன்றோ? ஆயினும் அவர் தாமதியாது தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிழையை நீக்கிப் புதிதாய் எழுதினார். ஹன்ரருக்கு எழுதிய கடிதமாக அமைந்த அப்புதிய கட்டுரை 1788ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆந் திகதி சங்கத்திலே படிக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னேதான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. அடுத்த ஆண்டிலே, 1789இல், சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

அக்கட்டுரையில் அவர் சொன்ன யாவும் இன்று அப்படியே ஒப்புக்கொள்ளப்படுவன அல்ல. குக்கூ கூடு கட்டாமைக்குக் காரணம் அது அந்நாட்டிலே தங்கும் காலத்தின் குறுக்கமே என்று அவர் எண்ணினார். பிறர் குஞ்சை வளர்ப்பதால் தாய்ப்பறவை முன்னரே புறப்படும் வசதி பெற்றது என்பதே இன்றைய அறிஞர்க்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது. ஆனால் காரணத்தைப்பற்றி எண்ணியது வேறு. கண்ணாற் கண்டது வேறு. அவர் கண்டதிலே இன்றுவரை எவரும் குறை காணவில்லை.

குறை கூற முயன்றோர் பலர் இருந்தனர். சாள்ஸ் வோட்டேட்டன் என்னும் இயற்கையறிஞர், அத்துணை இளங்குஞ்சால் அச்செயல் ஆகாது என்று எள்ளி நகையாடினார். ஜோன் கூல்ட் போன்ற பறவை நூலாரும் ஐயுற்றனர். ஏறத்தாழ 80 ஆண்டுகளின் பின்னர், ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலே ஜெமைமா பிளக்பேண் என்னும் ஓவியப் பெண்மணி ஒரு புல்வெளிக் குருவியின் கூட்டருகே இருந்து, கண் திறவாத குக்கூக் குஞ்சு கூட்டுக்குரிய குஞ்சை வெளியே தள்ளுவதைக் கண்டு, கண்டவாறே வரைந்தார். அவ்வோவியத்தைப் பார்த்த பின்னர்க் கூல்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். டார்வினும் தம் பெருநூலின் 1872ஆம் ஆண்டுப் பதிப்பிலே இச்செய்தியைச் சேர்த்தார். அதன் பின்னரும் ஐயம் முற்றாய் ஒழிந்ததில்லை. அம்மைப்பாலை எதிர்த்த சாள்ஸ் கிறைற்றன் என்னும் வைத்தியர், ஜெனர் நம்பத்தகாதவர் என்று காட்டுதற்கு இக்குக்கூக் கட்டுரையையே 1889ஆம் ஆண்டிலே சான்றாக எடுத்தார். 1920ஐ அடுத்த ஆண்டுகளிலே எட்கார் சான்ஸ் என்பவரின் முயற்சியாற் குக்கூவின் வாழ்க்கை அசையும் படமாகவே எடுக்கப்பட்டது. தாய்க்குக்கூ பிறர் கூட்டிலே முட்டை ஒன்றை எடுத்துவிட்டுச் சில விநாடிகளில் தன் முட்டையை இட்டுச் செல்வதும் அப்பொழுது தெளிவாயிற்று. அன்று தொட்டு ஜெனர் கண்டதைப் பல்லாயிரவர் திரையிலே கண்டனர்.

வேலியோரத்திலே பழகிய இந்தக் கண்ணே பால் கறக்கும் பெண்களின் கைகளையும் பார்த்தது. பசுவின் மடியிலே தோன்றும் பசுவம்மை தொற்றியவர்க்குப் பெரியம்மை வருவதில்லை என்று அப்பகுதி மக்கள் பேசிக்கொள்வதுண்டு. படித்த வைத்தியர் அதனைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று தள்ளினர். ஜெனர் பல ஆண்டுகள் அதனை ஆராய்ந்தார். தூண்டுகோலாயிருந்த ஹன்ரர் 1793ஆம் ஆண்டிலே மறைந்தார். மாணவரின் பெருஞ்செயலைக் காண அவர் இருக்கவில்லை. 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி சேரா நெல்ம்ஸ் என்னும் பாற்காரியின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையிலே குத்தினார். யூலை மாதம் முதலாந் திகதி அச்சிறுவனுக்கே பெரியம்மை நீரைப் புகுத்தினார். நோய் வரவில்லை. வந்திருந்தால் என்னாகும் என்று இன்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. பழைய முறைப்படி நலமுள்ள பிள்ளைகளுக்குப் பெரியம்மை நீரையே குத்துவது அன்று வழக்கமாயிருந்தது என்பது அவருக்குச் சார்பாகச் சொல்லக்கூடியது. ஏழைத் தொழிலாளியின் பிள்ளை என்பதனால் அதனை நாம் எளிதாய் விட்டுவிடலாகாது என்பதும் சொல்லத்தக்கதே.

றோயல் சங்கம் இம்முறை அவர் கட்டுரையை ஏற்கவில்லை. குக்கூக் கட்டுரையாற் பெற்ற நற்பெயரை இத்தகைய புதுமையாற் கெடுத்துக்கொள்ளலாகாது என்று அவருக்கு அறிவுரை கிடைத்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். 1798ஆம் ஆண்டிலே தம் கைப்பணத்தைச் செலவிட்டே நூலை வெளியிட்டார். அம்மைப்பால் குத்தியோரின் உடலிலே மாட்டுத்தலை முளைப்பதாகக் கேலிச்சித்திரம் வரைந்தார்கள். எனினும் சில ஆண்டுகளுக்குள் அம்மைப்பால் கடல்களைக் கடந்தது. 1802ஆம் ஆண்டிலே நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அவருக்கு 10,000 பவுணும், 1807இல் மேலும் 20,000 பவுணும் வழங்கியது. அவரோ பேர்க்லியை முற்றாய்க் கைவிடவில்லை. வீட்டுத் தோட்டத்துச் சிறு குடிசை ஒன்றிலிருந்து ஏழைகளுக்கு இலவசமாக அம்மைப்பால் குத்தினார். பிப்ஸ் வளர்ந்து குடும்பத்தனானபோது அவனுக்கு ஒரு சிறு வீட்டையும் அளித்தார்.

அவரை வழிபடுவது என் நோக்கமன்று. ஆதலின் ஒரு குறையையும் சொல்லவேண்டும். ஒருமுறை அம்மைப்பால் குத்தினால் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு உண்டு என்று அவர் உறுதியாய் எழுதினார். குத்திக்கொண்டவர் சிலருக்குப் பின்னாளிலே பெரியம்மை கண்டது என்ற செய்திகள் அவர் காலத்திலேயே வந்தன. குத்திய முறை பிழை, பால் கெட்டது என்று அவர் காரணம் காட்டினாரேயன்றித் தம் கூற்றை மாற்றவில்லை. சில ஆண்டுகளின் பின் மீண்டும் குத்தவேண்டும் என்பது அவர் மறைந்த பின்னரே வழக்கமாயிற்று. 38 வயதிலே ஒரு கூட்டருகே நின்று தம் பிழையை உடனே ஒப்பியவர், உலகப்புகழ் வந்த பின்னர் அவ்வாறு செய்யத் தயங்கினார். எதிரிகள் சூழ்ந்திருந்தனர், ஓரடி பின்வைத்தால் முழுவதையும் பொய்யென்பர் என்று அவர் அஞ்சியிருக்கலாம். புகழ் மனிதனின் கண்ணுக்கு எத்தகைய திரை என்பதற்கு இதனை நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதுமையிலே அவர் மீண்டும் பறவைகளிடமே சென்றார். மகன் 1810ஆம் ஆண்டிலும் மனைவி 1815ஆம் ஆண்டிலும் இறந்தனர். தனிமையிலே அவர் ஆராய்ந்தது பறவைகளின் வலசை. மாரிகாலத்திலே சில பறவைகள் சேற்றுக்குள் உறங்குகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. வீடுகளின் கூரைகளிலே கூடுகட்டும் உழவாரக் குருவிகள் சிலவற்றின் கால்நகங்கள் இரண்டை முன்னரே வெட்டி அடையாளமிட்டிருந்தார். அவை அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வந்தன. ஏழாம் ஆண்டிலே பூனை ஒன்று பிடித்து வந்த குருவியிலும் அந்த அடையாளம் இருந்தது. பறவைகள் போய்த் திரும்புகின்றன என்பதை இங்ஙனம் எளிதாய் நிறுவினார். 1823ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி தமது 73ஆம் வயதிலே பேர்க்லியில் மறைந்தார். வலசைக் கட்டுரை அவர் இறந்த பின்னரே அச்சாயிற்று. பறவையிலே தொடங்கிய எழுத்து வாழ்வு பறவையிலேயே முடிந்தது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குக்கூவிலே உண்மையானது கருங்குயிலிலே உண்மையாகவேண்டும் என்பதில்லை. ஆபிரிக்காவிலே தேன்காட்டிப் பறவையின் குஞ்சு அலகின் கொக்கியாற் கூட்டுக் குஞ்சுகளைக் குத்திக் கொல்கிறது. அமெரிக்காவிலே பிறர் கூட்டில் முட்டையிடும் மாட்டுப் பறவையின் குஞ்சு பெரும்பாலும் அவற்றைக் கொல்லாமற் கூடவே வளர்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு கூட்டையும் போய்த்தான் பார்க்கவேண்டும். என் மாணவன் போய்ப் பார்த்தான். நான் போகவில்லை. அவன் வீடு பாடசாலையிலிருந்து அரைக்கட்டை தூரங்கூட இல்லை.

அதன் பின்னர் ஓய்வுபெறும்வரை அந்தப் பாடத்தை நான் வேறு விதமாகவே நடத்தினேன். குக்கூவையும் கருங்குயிலையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துச் சொல்வேன். முன்னொருநாள் இந்த வகுப்பிலே ஒரு மாணவன் சொன்னது சரி, ஆசிரியன் சொன்னது பிழை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அவ்வளவையும் கேட்கவேண்டியவன் அங்கே இருக்கவில்லை. ஜெனர் தம் பிழையை உணர ஒருநாட் காட்சி போதுமாயிருந்தது. எனக்கோ எட்டு ஆண்டுகள் சென்றன. பிள்ளை ஒன்று எழுந்து தான் கண்டதைச் சொல்லும்போது, நூலை எடுத்துக் காட்டுவதற்கு முன், மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள் என்பதே இளம் ஆசிரியர்களிடம் நான் செய்துகொள்ளும் விண்ணப்பம்.